பேலன்ஸ், இடது ஒன்பது

4 ஜூலை, வெள்ளி

காலை ஏழு மணிக்கே வெயில். மதியம் ஏ ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால் பார்சல் ஆபீஸ் போன், மந்தாரக்குப்பம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி. குளித்தது வீண். ஆட்டோவில் நான்கு அட்டைப்பெட்டிகள்.

பிரபு அனுப்பியது. பெங்களூரில் சின்ன வீட்டுக்கு மாறுகிறான். அவனுடைய பாட்டு செட்டுக்கு அங்கே இடமில்லை. மகன் வீட்டில் இடமில்லாதது எல்லாம் அப்பன் வீட்டு ஹாலுக்கு.

ஸ்பீக்கர் 2. பவர் ஆம்ப் 1. இதை வசந்தா தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, அரிசி மூட்டையாட்டம் இருக்குது!" நான்காவதுதான் முக்கியமாம். ப்ரீஆம்ப்ளிஃபையர். பாட்டைப் பெரிதாக்குவதற்கு முன்னால் அதை வாங்கி, திருத்தி, அளந்து கொடுக்கிற பெட்டி. வீட்டு வைஃபையில் சேரும். முகத்தில் ஒரே ஒரு திருகு. மற்றது எல்லாம் போனில்.

ஒரு திருகு வைத்த சாமானை நம்புவது எப்படி? இருபத்தாறு வருஷமாக மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். ஸ்பேனர் போட இடமில்லாத மெஷின் எனக்கு மெஷினே இல்லை.

இடது ஸ்பீக்கர் ஜன்னலோரம். வலது பீரோவை ஒட்டி. என் நாற்காலி நடுவில். முதுகு வலி.

5 ஜூலை, சனி

வீக்லி ஆஃப். காலையில் ரேஷன், மாலையில் செட்டிங்ஸ். பிரபு வீடியோ காலில் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன்.

செய்தவை:
– டிவிக்கு, ரேடியோவுக்கு, பாட்டுக்கு என்று தனித்தனிப் பெயர் வைத்தது.
– மெஷின் போட்டதும் எந்தச் சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும்: 25.
– என்ன திருகினாலும் தாண்டக் கூடாத சத்தம்: 60. (லிமிட் சுவிட்ச். இது புரிந்தது.)
– டிஸ்ப்ளே வெளிச்சம் குறைத்தது.
– யூசர் இரண்டு. "அப்பா", "அம்மா". அவரவர் ருசிக்கு அவரவர் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் பெட்டி அந்த ஆளுக்கு மாறிக்கொள்ளும்.

ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் தானாகக் குறைந்தது. நான் தொடவில்லை. வ.வும் தொடவில்லை. போனில் பிரபு சிரிக்கிறான். "நான்தாம்மா கொறைச்சேன்." வ. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "பெங்களூர்ல குந்திகினு நம்ம வூட்டு சத்தத்தைக் கொறைக்கிறானாங்க!" எனக்கும் உடம்பு சிலிர்த்ததை எழுதிவைக்கிறேன். வெளியில் காட்டவில்லை.

வெண்டைக்காய் முற்றல்.

7 ஜூலை, திங்கள்

வானம் மூடல், மழை இல்லை.

இடது ஸ்பீக்கரில் கோளாறு. சத்தம் பாதிகூட இல்லை. கச்சேரி போட்டால் பாடுகிற அம்மா பீரோ பக்கமே நிற்கிறாள். வயர் முனையைக் கத்தியால் சுரண்டி மாட்டினேன். அதேதான்.

பிரபு: "ரூம் அளவு எடுங்கப்பா." நாற்காலியில் நான் உட்காரும் இடத்தில், தலை உயரத்தில் போனை வைக்க வேண்டும். மூச்சுக்கூட விடக் கூடாது. மின்விசிறியை நிறுத்தினோம். வ. குக்கரை இறக்கிவைத்தாள். பெட்டி அடிவயிற்றிலிருந்து 'ஊஊ' என்று ஆரம்பித்து 'கீ' என்று ஏறிக்கொண்டே போய் நின்றது. இடது ஒருமுறை, வலது ஒருமுறை.

பிறகு போனில் ஒரு படம். எங்கள் ஹாலின் படம், ஆனால் சத்தத்தால் வரைந்தது! பீரோ மூலையில் 'கும்' அதிகம் என்று கண்டுபிடித்து, தானே அதைக் குறைத்தும் விட்டது. பதினாறு வருஷமாக இந்தக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன், இந்த ஹால் கும்முகிறது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் படத்தில் இரண்டு கோடு. இடது நீலம், வலது சிவப்பு. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி ஓடுகின்றன. அதாவது இரண்டு ஸ்பீக்கரும் சமம். அப்புறம் ஏன் எனக்கு இடது கேட்கவில்லை? மெஷின் பொய் சொல்கிறது. அல்லது ஹால் கோணல்.

வ.விடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

8 ஜூலை, செவ்வாய்

ஷிஃப்டில் மனசு இதிலேயே. மைன்ஸில் எது கெட்டது என்று தெரியாவிட்டால் சாமானை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். கோளாறு சாமானோடு போனால் சாமான் கெட்டது. இடத்திலேயே நின்றால் இடம் கெட்டது.

மாலை ஐந்து மணி. வயர்களை மாற்றினேன். இடதே மந்தம். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினேன். ஜன்னலோரம் இருந்தது பீரோவுக்கு, பீரோவில் இருந்தது ஜன்னலுக்கு. இடதே மந்தம்.

நாற்காலியை எதிர்ப்புறம் திருப்பிப்போட்டு ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

இப்போது ஜன்னல் பக்கம் கணீரென்று இருக்கிறது. பீரோ பக்கம் மந்தம்.

மாற்றாமல் மிச்சம் இருக்கும் ஒரே சாமான் நான்.

டீ ஆறிப்போனது. குடித்தேன்.

பெல்ட் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால் என்ன செய்வோம்? ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து பெல்ட்டை நடுவுக்கு இழுப்போம். சரக்கு ஏன் ஒரு பக்கமாக விழுகிறது என்று அப்புறம்தான் பார்ப்போம், பார்த்தால். நாற்காலியை நேராகப் போட்டேன். யூசர் "அப்பா". பேலன்ஸ். இடது 2. இடது 4. ஒவ்வொரு தட்டுக்கும் பாடுகிற அம்மா பீரோவை விட்டு ஓரடி நகர்ந்தாள். இடது 7. காலண்டருக்குக் கீழே. இடது 9.

நடுவில். ஸ்பீக்கர் எதுவும் இல்லாத வெறும் சுவருக்கு முன்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிறாள். வரி தொடங்கும் முன் மூச்சை இழுப்பது கேட்கிறது. வயலின் அவளுக்கு ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம். கை நீட்டினால் தொடலாம். என் வீட்டில், எட்டடி தூரத்தில், ஆளே இல்லாமல் ஒரு கச்சேரி. எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வ. வாசல் பெருக்கிவிட்டு உள்ளே வந்தாள். "ஏங்க, பாட்டு மொத்தமும் ஜன்னலாண்டயே நிக்குது?"

"அந்த ஸ்பீக்கர் அப்படித்தான்" என்றேன். பொய்.

10 ஜூலை, வியாழன்

காற்று. நாக்கெல்லாம் மண்.

இன்று நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். நாலாம் லைனும் ஐந்தாம் லைனும் பக்கத்துப் பக்கம். நாலில் ரோலர் மாற்றி முடித்து, ஓட்டலாம் என்று க்ளியரன்ஸ் கொடுத்து, சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பெல்ட் கிளம்பும் முன் ஹூட்டர் ஊதும். ஊதியது. ஐந்து என்று நினைத்தேன். நாலின் சட்டத்தில் ஸ்பேனர் ஒன்று விட்டுப்போயிருந்தது. எடுக்கக் குனிந்தேன்.

கூட இருந்த ஜெயபால் என் காலரைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். நாலு ஓட ஆரம்பித்தது.

"அண்ணே, நாலு ஊதுது, நீங்கபாட்டுக்கு கைய வுடறீங்க! இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"கவனிக்கலப்பா."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிறவன்.

முன்பெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஊதினாலும் எந்த லைன் என்று சொல்வேன். இன்று சத்தம் கேட்டது, எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒரு காதுக்குத் திசை தெரியாது போல. எத்தனை நாளாக இப்படி? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் காதே எனக்குத் தெரியவில்லை.

போர்டில் மெடிக்கல் லிஸ்ட். என் பெயர் 17ஆம் தேதி. காது டெஸ்ட்டும் உண்டு.

12 ஜூலை, சனி

ஆஃப். பண்ருட்டியிலிருந்து வ.வின் தங்கை கொடுத்தனுப்பிய பலாச்சுளை. வீடெல்லாம் வாசனை.

நான்கு மணி நேரம் பாட்டு. இந்த வாரம் புதிதாகக் கேட்டவை: மிருதங்கத்தில் விரல் உரசுவது. வயலின் வில் திரும்பும் இடம். தம்பூராவில் நாலு கம்பி (ஒன்று என்றே நினைத்திருந்தேன்). கைதட்டலில் யாரோ ஒருவர் மட்டும் தாமதமாக. இவ்வளவும் எங்கே இருந்தது? என்னைச் சுற்றித்தான் இருந்திருக்கிறது.

17 பற்றி. காது டெஸ்ட் ரூமில் ஹெட்போன் மாட்டி கையில் பொத்தான் கொடுப்பார்கள். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். போன தடவை வலது காதில் நடந்ததை வைத்து எத்தனை விநாடிக்கு ஒன்று என்று மனசில் தாளம் போட்டுக்கொண்டேன். இடது காதுக்கும் அதே தாளத்தில் அழுத்தினேன். பாஸ். அப்போது அதை ஏமாற்று என்றுகூட நினைக்கவில்லை. லேசாகச் சளி என்று நினைத்தேன்.

உண்மையாக அழுத்தினால் பெல்ட் பக்கம் விடமாட்டார்கள். ஸ்டோர்ஸில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். நட்டு எண்ணலாம். ரிட்டையர்டு ஆக நாலு வருஷம். நாற்பது பேர் "மெக்கானிக்கைக் கூப்பிடு" என்று தேடுகிற ஆள் நான்.

தாளம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.

15 ஜூலை, செவ்வாய்

மழை, கடைசியில். மூன்று மணிக்கு நனைந்துகொண்டே வீடு வந்தேன்.

வ. குழாயடியில். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வினோதமாக, எல்லாம் பீரோ பக்கம் குவிந்து, மெத்தையைப் போட்டு மூடியது மாதிரி மந்தமாக. போனைப் பார்த்தேன். யூசர்: அம்மா. பேலன்ஸ் வலது 9. ட்ரெபிள், அதாவது கீச்சுச் சத்தம், அடிமட்டத்தில். தொடத் தெரியாமல் தொட்டுக் கெடுத்துவைத்திருக்கிறாள் என்று கோபம். கூப்பிட்டேன்.

"யாரு இதையெல்லாம் மாத்துனது?"

"நான்தான்."

"எதுக்கு? ஒரு பக்கமே கேக்கல பாரு. மந்தமா கெடக்கு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாத்தேன்."

போனைக் கீழே வைத்தேன்.

உங்கள் பெயரில் இடது 9 என்று இருந்தது, அது எதற்கு என்று பிரபுவிடம் கேட்டேன் என்றாள். அப்பாவுக்கு இடது காது மந்தம் போல என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னானாம். "அப்போ அதை அப்படியே மறுபக்கம் வச்சா அப்பா காது மாதிரி ஆவுமாடான்னு கேட்டேன். கிட்டத்தட்டம்மான்னான். நாலு நாளா நீங்க ஷிஃப்ட்டுக்குப் போனதும் இப்படி வச்சுகினு குந்தறேன்."

அப்புறம் சொன்னாள்: "அடுப்பாண்ட நின்னுகினு ஏதாச்சும் கேப்பேன். நீங்க பதில் சொல்லாம பேப்பரைத் திருப்புவீங்க. நம்மகிட்ட பேசப் புடிக்கலன்னு எத்தினி நாளு சாப்பிடாம படுத்திருக்கேன் தெரியுமா? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"எனக்கே தெரியாது வசந்தா." இது உண்மை.

அழுதாள். நானும். சமையலறை என் நாற்காலிக்கு இடது பக்கம். இதைக்கூடக் கவனிக்காத மெக்கானிக்.

பெங்களூரிலிருந்து சத்தத்தைக் குறைத்தது பெரிய அதிசயம் என்று நினைத்தேன். ரூமையே படம் போட்டது அதைவிடப் பெரிது என்று நினைத்தேன். ஒருத்தி நாலு நாள் என் நாற்காலியில் என் காதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றாள்.

ஜெயபால் காலரைப் பிடித்து இழுத்ததையும் 17ஆம் தேதி காது டெஸ்ட்டையும் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு, "வியாழக்கிழமை நானும் வரேன்."

16 ஜூலை, புதன்

ஜெயபாலிடம் சொன்னேன். "தெரியும்ணே" என்றான். அவ்வளவுதான். மதியம் அவன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்குப் பாதி.

17 ஜூலை, வியாழன்

வெயில். டோக்கன் 11. வ. வெளியே பெஞ்சில், பையில் தண்ணீர் பாட்டிலும் குடையும்.

எடை, ரத்தம், கண். பிறகு கண்ணாடிக் கூண்டு. ஹெட்போன். கையில் பொத்தான். வலது காது: பீப், அழுத்தினேன். பீப், அழுத்தினேன். தாளம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. டெக்னீஷியன் பையன் தலையாட்டினான், இடதுக்கு மாற்றினான்.

ஒன்றுமில்லை. கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. தாளம் ஓடியது. இப்போது, இப்போது, இப்போது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கட்டைவிரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கூண்டுக் கதவு திறந்தது. "சார், ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரம் ஆச்சு. கேக்குதா இல்லையா?"

"கேக்கல."

பெல்ட் இரைச்சலில் கத்திப் பழகிய மைன்ஸ் தொண்டை. வெளியே வ. இருந்த பெஞ்சு வரைக்கும் போயிருக்கும்.