தவறாமல் வருகிறவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ரக்பி கிளப்பில் சேர்ந்த பையன்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நின்றவன் சட்டையையும் அவன் ஆணியிலேயே விட்டுவைப்போம், என்றாவது திரும்பி வரட்டுமென்று. அதில் ஒரு சட்டை மட்டும், பயிற்சி முடிந்ததும் சேறும் ஈரமுமாகத் தொங்குகிறது. போட்டவனை யாரும் பார்க்கவில்லை.

கோச்சிடம் கேட்டேன். “வராதவனைத் தேடுறதுதாம்ப்பா உன் வேலை. தவறாம வர்றவனை எதுக்குத் தேடுற?” என்றார்.

பயப்படாதீர்கள், நல்ல பையன்தான். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தால், பூட்டிய அறைக்குள் என் துணிகளெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தது.

விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன். கம்பளிக் காலுறை அனுப்பும்போது இரண்டு ஜோடியாக அனுப்புங்கள். அவனுக்குச் சின்னக் கால்; கட்டிலோரம் ஈரத்தடம் பார்த்தேன்.

உங்கள் மகன்