கைப்பேய்

திங்கள், ஆனி 25

விடிந்ததிலிருந்து சாரல். ராஜபாளையம் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: என் மேலுதட்டில், இடது பக்கம், நான்காவது முடி முளைத்துவிட்டது. பட்டாசு வெடிக்க விரும்புவோர் வெடிக்கலாம்.

மற்ற செய்தி. வள்ளி அக்காவின் இட்லி மாவு இன்றும் பொங்கவில்லை. அக்கா மட்டும் பொங்கினாள்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாவுக் கடை போட்டாள். மூன்றே மாதம். ஒரு அம்மா பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குக் கைராசி இல்ல. இவ கை பட்டா மாவு செத்துப்போவுது." கடையை மூடினாள். அன்றிலிருந்து மாவில் கை வைப்பதே இல்லை. நீளக் கரண்டிதான்.

இப்போது இங்கே, பழைய பஞ்சுக் கிடங்கில், இரண்டாம் முறை. மில் வேலையையும் விட்டாச்சு. வெள்ளிக்கிழமை திறப்பு. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும்.

"வெள்ளிக்குள்ள பொங்கலைன்னா கிரைண்டரக் குடுத்துருவேன்ல. மம்சாபுரத்துல இருந்து பாக்க வாராவ."

கிடங்கும் சரியில்லை. பேசினால் குரல் சுவருக்குள் போய் அமுங்குகிறது. காற்றே இல்லை, மூலைப் பஞ்சு அசைகிறது.

சாயங்காலம் அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் கெட்டி மாவில் ஒரு கை பதித்தேன். கட்டைவிரலை மடக்கி, நாலே விரல். கைப்பேசி கேள்விப்பட்டிருப்பீர்கள். இது கைப்பேய்.

செவ்வாய்

காலை ஆறு. அக்கா மூடியைத் திறந்தாள். பொங்காத மாவு, தடம் அப்படியே. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஏலே... இது யாரு கை?"

"கட்டைவிரல் இல்லாத பேயாக்கும். பாவம், லைக்கு கூட போட முடியாது."

சிரிக்கவில்லை. மெதுவாகத் தன் கையை இறக்கி அந்தத் தடத்தின் மேலேயே வைத்தாள். எடுக்கவே இல்லை.

"சில்லுனு இருக்குல," என்றாள். என்னிடம் சொன்னது மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் கடைப்பக்கம் போகவில்லை. டியூஷன்.

புதன்

நேற்று நான் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை.

கதவைத் திறந்ததும் புளித்த வாசம். மூடியை நெட்டித் தள்ளி, சட்டி விளிம்பில் வழிந்து, தரையில் ஊர்ந்து வாசலைப் பார்த்து வந்திருக்கிறது மாவு. கதவின் உள்பக்கம் காய்ந்த வெள்ளைக் கை. ஐந்து விரல். பூட்டு பூட்டியபடி இருந்தது.

"உன் பேய்க்குக் கட்டைவிரல் முளைச்சிட்டு போல," என்றாள் அக்கா. முகத்தில் ஒன்றும் இல்லை.

எதிர் டீக்கடையில் சவால் விட்டாச்சு: நாளைக்கு அதைப் பிடிக்காவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். பயம் என்கிற மூன்று எழுத்து எனக்குத் தெரியாது.

வியாழன்

சாயங்காலம் ஐந்தரை. அரிசி மூட்டைக்குப் பின்னால் நான். சாரல். கரண்ட் போயிற்று.

சளப். சளப். ஈரத்தில் யாரோ நடக்கிற மாதிரி. கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். குனிந்த உருவம். முழங்கை வரை வெள்ளை. முணுமுணுப்பு.

"செத்துப்போவல... செத்துப்போவல..."

ஒரு அலறல்.

அக்கா! கண்ணை இறுக்க மூடி, கையால் மாவு கலக்கிக்கொண்டு.

"எரும, மூட்டைக்குப் பின்னால என்னல பண்ணுத? நாலு விரல் வச்சவன் நீதான்னு எனக்குத் தெரியாதாக்கும்? நகம் எம்புட்டு அழுக்கு! அந்தச் சட்டி மாவ அப்பமே கொட்டிட்டேன்."

பிறகு மெதுவாக: "யாரு தடம்னு அளந்து பாக்கத்தான் அன்னைக்குக் கை வச்சேன். இத்தன நாள் கழிச்சு. ஒண்ணும் ஆவல. சரி, புது மாவு ஆட்டி, செத்த நேரம் கையால கலக்கித்தான் பாப்பமேன்னு... மாவுக் கையோடயே உள்ள இருந்து கதவச் சாத்திட்டேன்."

பேசிக்கொண்டே கலக்கினாள். பேச்சு முடிந்தும் நிறுத்தவில்லை.

வெள்ளி, ஆனி 29

நாலு சட்டியும் தளும்பத் தளும்ப. கடை திறந்தாச்சு. மம்சாபுரத்து அண்ணன் வந்தார், கிரைண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது விக்கலண்ணே. மாவு வேணும்னா தாரேன்."

இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார்.

டீக்கடையில் கேட்டார்கள்: "நேத்து உள்ள எந்தப் பொம்பளப்பிள்ளடே அந்தக் கத்து கத்துச்சு?" அக்காவைக் கை காட்டிவிட்டேன்.

அது நான்தான். டவுசர் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

இன்னொன்று. கடை திறப்பு என்று இன்று சோப்புப் போட்டு முகம் கழுவினேன். நான்காவது முடி, உளுந்துத் தோல்.