சிரிப்பில் கேட்காமல் போன வசனம்

கூத்துப்பறம்பு,
கர்க்கடக மாதம் 20

அன்புள்ள தம்பி சசீந்திரனுக்கு,

சேச்சி எழுதிக்கொள்வது. வடக்கே பிலாயில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி. இங்கே விடாத மழை, அடுக்களை ஓடு இரண்டு போயிற்று. என் மகள் ஷிம்னாவுக்கு ஓணம் கழிந்து பத்தாம் நாள் கல்யாணம். பத்திரிகை அனுப்பினேனே, கிடைத்ததா?

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அந்தப் படம் போட்டார்கள். சின்ன வயசில் டாக்கீஸில் நாம் நான்கு தடவை பார்த்தது. தேநீர்த் தட்டோடு விந்தி விந்தி வருகிற வேலைக்காரன் சாத்துக்குட்டி கல்யாணப் பந்தலில் விழுவானே, அதற்குக் கொட்டகையே இடிகிற மாதிரி சிரித்தோம். மறுநாளே உனக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். போலியோ வந்த காலோடு நீயும் கூடச் சிரித்தாய். நீ சிரித்ததால் தப்பில்லை என்று நினைத்துவிட்டேன், பாவி.

விழுந்த பிறகு அவன் ஒரு வசனம் சொல்கிறான், சசி. அன்றைய சிரிப்புச் சத்தத்தில் நமக்கு அது கேட்கவே இல்லை. இப்போது வீட்டில் நானும் ஷிம்னாவும் மட்டும். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டே, தான் ஆசைப்பட்ட பெண்ணை நினைத்து, "சிரிங்க, பரவால்ல. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏம்மா, காமெடி சீனுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?" என்று கேட்டாள் ஷிம்னா.

பானூரில் உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அவளுடைய பெரியப்பா "அடடே, நம்ம சாத்துக்குட்டியா மாப்பிள்ளை!" என்றபோது முதலில் சிரித்தது அவர்கள் வீட்டார் இல்லை, நான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அடுத்த வாரம் ரயிலேறியவன், இருபத்தாறு வருஷமாக இந்தப் படி மிதிக்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாய். லீவு கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் எனக்குத் தெரியும்.

மன்னித்துவிடு என்று கேட்கவே கூசுகிறது. ஆனாலும் வா. ஷிம்னாவைக் கைபிடித்துக் கொடுக்க அவளுடைய அப்பா உயிரோடு இல்லை, மாமன் நீதான் இருக்கிறாய். ஊர் வாயை என்னால் மூட முடியாது. கடைத்தெருவில் எவனாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் செய்வான்.

பள்ளிக்கூடம் போகையில் உன்னோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களே என்று நான் பத்தடி முன்னால் ஓடுவேன். நீ மறந்திருக்க மாட்டாய். பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே நில்லு, நான் வருகிறேன். கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குப் போகலாம், நீ நடக்கிற வேகத்தில்.

பகவதி உன்னைக் காக்கட்டும்.

உன் சேச்சி
பிரசன்னா