குணாளனுக்கு எடுத்து வைத்தது

நாள் 211. மாலை 5.40

செவ்வாய், தென்சரிவு நிலையம். எழுதுவது ஜெசிந்தா மச்சாது, மண் ஆய்வாளர், ஊர் தூத்துக்குடி. இதை யார் எடுத்துப் படிப்பார்களோ தெரியாது. தலைமையகம் படிக்காது என்பது மட்டும் தெரியும். அவர்களுக்கு எண்கள் போதும்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. சூரியத் தகடுகளில் புழுதி, வழக்கம்போல. இறைச்சித் தொட்டியில் ஒன்றரைக் கிலோ வளர்ந்து நிற்கிறது. ஆடும் இல்லை, மாடும் இல்லை, செல்லிலிருந்து வளர்த்த சதை. ஐந்து மாதப் பாடு, முதல் அறுவடை.

இங்கே நாங்கள் இரண்டே பேர். இன்னொருவன் குணாளன், மெக்கானிக், மலேசியாவில் பட்டர்வொர்த்காரன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன். சமையலும் அவன் பொறுப்பு. நான் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்பான். இன்று காலை தொடர்புக் கோபுரத்தைச் சரிசெய்ய மேட்டுக்கு வண்டியில் போயிருக்கிறான். நாளை திரும்ப வேண்டும். வந்ததும் அந்த இறைச்சியில் உருண்டை பிடித்து, சோயா சாஸும் சர்க்கரையும் இஞ்சியும் போட்டுப் பளபளவென்று பாகு புரட்டித் தருவதாக வாக்கு. ஐந்து மாதமாக அந்த உருண்டைப் புராணம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஒரு பழுதுக் குறிப்பு. யார் உள்ளே, யார் வெளியே என்று நிலையத்துக்குச் சொல்லும் மணிக்கட்டுப் பட்டைகள் இரண்டும் போன மாதம் செத்துவிட்டன. குணாளன் அந்தக் கணக்கைச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மாற்றிவிட்டான்! ஆளுக்கு ஒரு தட்டு, அடியில் ஒரு சில்லு. சுவர்த் தாங்கியிலிருந்து தட்டை எடுத்தால் அந்த ஆள் வீட்டில், தாங்கியில் இருந்தால் வெளியே என்று அர்த்தம். இரண்டு தட்டும் வெளியே வந்துவிட்டால் நிலையம் வெளிப்பக்க மின்சாரம் முழுவதையும் நிறுத்திவிடும். நிலையக் கூரைமேல் இருக்கும் கோபுர விளக்கு, வாசல் மணி, வெளிக்கதவு எல்லாம் தூங்கிவிடும். பாட்டரி மிச்சம். தலைமையகத்துக்கு நாங்கள் சொல்லவில்லை. அவன் விளக்கம் இது:

"சாப்பாட்டுக்கு வராத ஆளு வீட்ல இல்லைக்கா. சிம்பிள் லா."

நாள் 212. காலை 9.15

புழுதிப் புயல். தகடுகளில் பாதி வெளிச்சம்கூட இல்லை. வண்டியிலிருந்து தகவல்:

"அக்கா, கோபுரம் சரியாகல. திரும்பி வர்ற வழியில முன் அச்சு முறிஞ்சிருச்சு. வண்டி படுத்துக்கிச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்பவனை நம்பக் கூடாது. எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்டேன். வண்டிக் காற்று நாளை மாலை வரை, அதற்கு மேல் அவன் விண்வெளிச் சூட்டில் ஒரு காற்று உருளை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. நான் நடந்து வருகிறேன் என்றேன்.

"கிறுக்கா உங்களுக்கு? நீங்க வந்தா ரெண்டு பேரையும் தேடணும். புழுதி கொஞ்சம் அடங்கட்டும், நானே நடந்து வரேன். அரை நாள் நடை. நம்ம கூரைக் கோபுர விளக்கு இங்க வரைக்கும் மங்கலா தெரியுது. அத மட்டும் எரிய விடுங்க."

பாட்டரி பாதிக்குக் கீழே. எரியட்டும். பாட்டரியை வைத்துக்கொண்டு நான் என்ன கொலுவா வைக்கப் போகிறேன்.

நாள் 212. மதியம் 2.30

இறைச்சித் தொட்டியின் குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டேன், விளக்குக்கு மின்சாரம் வேண்டும். இறைச்சி நாளைக்குள் கெட்டுவிடும். இதைச் சொன்னதும், சாகக் கிடக்கிறவன் சந்தோஷப்பட்டான்.

"அப்ப நீங்களே செய்ங்க. நான் சொல்றேன். வேற வேலை எனக்கு என்ன இருக்கு?"

சொன்னான். கொத்திய இறைச்சியில் இஞ்சி, பூண்டு, செடி அறையிலிருந்து வெங்காயத் தாள், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ரொட்டித் தூள். பிசையும்போது ஒரே பக்கமாகச் சுற்றிப் பிசைய வேண்டுமாம். கையை ஈரமாக்கிக்கொண்டு எலுமிச்சை அளவு உருட்ட வேண்டும். பிறகு எண்ணெய்.

முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து புட்டாகிவிட்டது. வானொலியில் சொன்னேன்.

"ரொட்டித் தூள பிழிஞ்சீங்களா?"

பிழியவில்லை. அவன் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் "ஏலே, ஒழுங்கா வந்து சேரு, வந்ததும் மிதிக்கேன்" என்று கத்தினேன். அப்புறம் அடுப்பு முன்னாலேயே நின்று அழுதேன். வானொலியை அணைத்துவிட்டுத்தான் அழுதேன்.

நாள் 213. காலை 11.05

புயல் கொஞ்சம் இளைத்திருக்கிறது. அவன் கிளம்புகிறான். சூட்டு வானொலி இவ்வளவு தூரம் எட்டாது. வாசலுக்கு வந்து மணி அடிக்கும்வரை பேச்சு கிடையாது. வண்டியிலிருந்து கடைசியாகப் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"விளக்கு தெரியுதுக்கா. சின்னதா, மஞ்சளா. நேரா புடிச்சு நடந்தா சாயந்தரம் வந்துருவேன். பாகு மறந்துராதீங்க. கிச்சாப்பு, சீனி, வினிகர், மிளகாய், நல்லா கொதிக்கட்டும். சோளமாவு கரைசல கடைசியில ஊத்துங்க, முதல்லயே ஊத்தி கஞ்சியாக்கிராதீங்க. கரண்டி முதுகுல ஒட்டணும். எனக்கு எடுத்து வைங்க ஆ? எல்லாத்தையும் நீங்களே முழுங்கிராதீங்க."

கிச்சாப்பு என்றால் அவனுக்கு சோயா சாஸ். ஒரே பாட்டில், அடியில் மிச்சம்.

நாள் 213. மாலை 5.50

வந்துவிட்டது! இருபத்திரண்டு உருண்டை. ஒன்றுகூட உடையவில்லை. பாகு கரண்டி முதுகில் ஒட்டியது. உருண்டைகளைப் போட்டுப் புரட்டினேன், விளக்கு வெளிச்சத்தில் மினுக்கென்று நின்றன. இந்தத் தகரப் பெட்டிக்குள் ஐந்து மாதமாக இல்லாத ஒரு மணம். செடி அறை வரை போய் நின்று பார்த்தேன், அங்கேயும் மணந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். அப்பா ஆழ்கடலுக்குப் போய்ப் படகு வரத் தாமதமானால், அம்மா அவர் தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவாள். தட்டு காலியாக இருந்தால் ஆள் வர மாட்டான் என்று பயம். அந்தத் தட்டைக் கவிழ்த்தால் கேட்கவே வேண்டாம், தெருவே வந்து திட்டும். பூகோளம் படித்தேன், மண் படித்தேன், கிரகம் விட்டுக் கிரகம் வந்தேன். கை மட்டும் இன்னும் அம்மா கைதான்.

குணாளன் தட்டை எடுத்து எட்டு உருண்டை வைத்தேன். மேலே வெங்காயத் தாள் தூவினேன். என் தட்டால் மூடி வைத்தேன். நான் இன்னும் வாயில் வைக்கவில்லை, ருசிகூடப் பார்க்கவில்லை. அவன் வந்து முதல் வாய் எடுக்கட்டும்.

நிலையம் திடீரென்று அமைதியாகிவிட்டது. வெளிச்சுவர் ஓரத்து முணுமுணுப்பு நின்றிருக்கிறது. காற்று அடங்குகிறது போல. அவனுக்கு நல்லதுதான். உள்கதவுக்கு முன்னால் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் மணி அடிக்கலாம்.

நாள் 214. காலை 7.20

மணி அடிக்கவில்லை.

கண் அசந்துவிட்டேன். இடையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. மணல் அடிப்பது என்று நினைத்தேன். இங்கே ஜன்னல் கிடையாது. வந்தால் மணி அடிப்பானே.

வழி தவறியிருக்கலாம். வண்டிக்கே திரும்பியிருக்கலாம். விளக்கு எரிகிறது, பார்த்துப் பிடித்து வந்துவிடுவான். உருண்டைகள் ஆறிப் பாகு கெட்டியாகிவிட்டது. சுடவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறான்.

நாள் 214. காலை 8.40

பாட்டரி பார்க்க இயந்திர அறைக்குப் போனேன். நேற்றைவிட மோசமாக இருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. பக்கத்துப் பலகையில்:

உள்ளே: 2
வெளியே: 0
வெளிப்பக்கம் ஓய்வில்

நான் முதலில் சிரித்தேன் என்று எழுதி வைக்கிறேன். அவன் எப்போது உள்ளே வந்தான் என்று திரும்பிப் பார்த்தேன்.

பிறகு ஓடினேன். வெளிப்பக்கம் எழ வேண்டுமானால் அவன் தட்டு தாங்கிக்குத் திரும்ப வேண்டும். சாப்பாட்டோடு தாங்கி வாங்காது. தட்டைக் கவிழ்த்தேன். என் கையால் கவிழ்த்தேன். எட்டு உருண்டையும் தரையில் உருண்டன. தட்டைத் தாங்கியில் செருகிவிட்டுச் சூட்டை மாட்டிக்கொண்டேன். விளக்கு எரிந்தது, மணி விழித்தது, கதவு திறந்தது.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முகத்தை உள்ளே பார்த்துத் திருப்பியிருந்தான்.

நாள் 214. மாலை

நேரம் பார்க்கவில்லை.

அவன் சூட்டின் பதிவுப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன். மறுபடி கேட்டேன். எழுதி வைக்கிறேன், யாராவது படிக்க வேண்டும்.

"விளக்கு போயிருச்சு. ... பரவால்ல, கிட்ட வந்துட்டேன். கூப்பிடு தூரம்தான்."

"அக்கா. மணி வேலை செய்யல. கைப்பிடியும் திரும்பல. அக்கா, கேக்குதா? சூட்டு வானொலிய எடுக்கிற ஆண்டெனாவும் தூங்கிருச்சு போல."

அதன் பிறகு நீண்ட நேரம் தட்டும் சத்தம் மட்டும். நான் மணல் என்று நினைத்தது.

"ஓ."

இங்கே அவன் சிரிக்கிறான். அந்த இருமல் சிரிப்பு.

"தட்டுல போட்டு வச்சிட்டீங்களா? ... அப்ப நான் வீட்டுக்கு வந்துட்டேன் லா. என் வயரிங்தான், நான்தான் சொல்லி வச்சிருக்கணும். உங்க தப்பு இல்ல. கேளுங்க அக்கா, உங்க தப்பு இல்ல. நல்லா வந்துச்சா? உடையலையே? ... சுடவச்சு சாப்பிடுங்க. ஆறிப்போனா பாகு கல்லாயிரும்."

என் தப்பு இல்லையாம். அவனுக்குச் சொல்வது சுலபம். அவன் எட்டு உருண்டைக்காக அரை நாள் நடந்து வந்தவன். நான் அவனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கதவைப் பூட்டிவிட்டு, அந்தக் கதவுக்கு முன்னாலேயே படுத்துத் தூங்கியவள்.

நாள் 219. மதியம் 1.10

புயல் மறுபடி கூடியிருக்கிறது. தகடுகளில் வெளிச்சம் இல்லை. மேட்டுத் தொடர்புக் கோபுரம் பழுது, தலைமையகத்துக்குச் செய்தி போகாது. அடுத்த கப்பல் பதினோரு மாதம் கழித்து.

அவனைச் செடி அறைக்குப் பின்னால், சுவர் ஓரத்தில் கிடத்தியிருக்கிறேன். மேலே கல் அடுக்கினேன். நிலையத்தின் கணக்கில் அவன் இன்னும் வெளியே நடந்துகொண்டிருக்கிறான். பலகையில்: உள்ளே 1, வெளியே 1. அதனால் கோபுர விளக்கு எரிகிறது, மணி விழித்திருக்கிறது, கதவு அவனுக்காகத் தயாராக நிற்கிறது. அதற்கெல்லாம் பாட்டரி கரைகிறது.

அவன் தட்டை எடுத்தால் போதும். விளக்கு அணையும். மிச்சமாகும் மின்சாரத்தில் அறையைச் சூடேற்றும் கருவி இன்னும் மூன்று வாரம் ஓடும், அதற்குள் புயல் அடங்கினாலும் அடங்கும். வயரைப் பிரித்து வேறுவிதமாகச் செய்ய எனக்குத் தெரியாது. தெரிந்தவன் கல்லுக்குக் கீழே.

காலையில் தாங்கி வரை போனேன். தட்டில் கை வைத்தேன். எடுக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நாள் 223. மாலை

உள்ளேயே மூச்சு புகைகிறது. விரல் மடங்கவில்லை, எழுத்து இப்படித்தான் வரும்.

சட்டியில் மிச்சம் இருந்த பதினாலில் ஆறு உருண்டையை இன்று சுடவைத்தேன். அவன் சொன்னபடி ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து. பாகு இளகி மறுபடி பளபளத்தது. என் தட்டில் வைத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதுவரை ருசி பார்க்காதது இப்போதுதான் வாய்க்குள் போகிறது.

நன்றாக இருந்தது குணா. உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சமைத்தது இது ஒன்றுதான். அதைச் சொல்ல ஆள் இல்லை.

தட்டை இன்றும் எடுக்கவில்லை.

நாள் 225

படிப்பவருக்கு. நீங்கள் விளக்கைப் பார்த்து வந்திருந்தால் கதவு திறக்கும். மணி அடித்துப் பாருங்கள், நான் எழுந்து வராவிட்டால் உள்ளே வந்துவிடுங்கள். சட்டியில் எட்டு இருக்கிறது, மூடி வைத்திருக்கிறேன். அது அவனுக்கு எடுத்து வைத்தது. பசியாக இருந்தால் சாப்பிடுங்கள். சுடவைத்து

தாங்கியில் இருக்கும் தட்டை மட்டும் எடுக்காதீர்கள். ஆள் இன்னும் வர வேண்டியிருக்கிற