தோற்றாலும் பாட வேண்டிய பாட்டு

அன்புள்ள டார்லீன் அக்காவுக்கு, தம்பி க்ளீட்டஸ் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அத்தானை விசாரித்ததாகச் சொல். அயோவாவில் குளிர் தொடங்கிவிட்டது. ஆனால் என்னைக் கண்டால் குளிரே நடுங்குகிறது.

உன் மகன் வேட் நலம். சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் அவன் ஆடும் எங்கள் கல்லூரி அணி மறுபடியும் தோற்றது. அணியின் சலவைக்காரன் நான் ஹெல்மெட்டுகளைத் துடைத்துத் தந்திராவிட்டால் இன்னும் மோசமாகத் தோற்றிருக்கும் என்கிறார்கள்.

பயிற்சியாளர் சரியில்லையா, பையன்களிடம் ஒற்றுமை இல்லையா என்று ஊரே அடித்துக்கொள்கிறது. நான் கண்டதைச் சொல்கிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் அணி முழுவதும் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று கல்லூரிப் பாட்டைப் பாட வேண்டும் அல்லவா? அன்று பயிற்சியாளரே முதல் ஆளாக உள்ளே போனார். பையன்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். வேட் மட்டும் தனியாக நின்று பாடினான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். என் குரலில் டிரம் சத்தமே அடங்கிவிட்டது.

"மாமா, உங்களுக்குப் பாட்டே தெரியாதே."

"எனக்குத் தெரியாத பாட்டா? நீ பாடுடா, நான் பின்னாடியே வர்றேன்."

உடை மாற்றும் அறைக்குள் போனதும், "பாடகர் வந்துட்டாருடா, வழி விடுங்க" என்று பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிலிருந்து அணியின் சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். ஆட்டத்தையே விட்டுவிடட்டுமா என்று என்னைக் கேட்கிறான். அவன் ஹெல்மெட்டை இன்னொரு முறை துடைத்து வைத்தேன், அக்கா.

பீச் ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பு. கம்பளிக் காலுறையும் வை. துவைத்த சட்டைகள் காத்திருக்கின்றன, முடிக்கிறேன்.

ஞாயிறன்று அவன் போனில் பேசும்போது ஆட்டத்தைப் பற்றிக் கேள், பரவாயில்லை. யாரோடு சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. சலவை அறையில் என்னோடுதான் சாப்பிடுகிறான்.

அவசரத்தில்,
க்ளீட்டஸ்