ஒரே ஊட்டுத் தட்டான்கள்

இன்று காலை பஸ் அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் நின்றது. ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். வெயிலில் அது அழுகும் வாசனை வந்ததும், நீ பக்கத்து சீட்டிலிருந்து என் முழங்கையை இடித்து எதையோ காட்டுவதுபோல் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நாம் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் இருந்தோம். நான் வரைபடப் பிரிவில், நீ கேன்டீனில். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த குட்டையில் தட்டான்கள் வரும். பாத்திரம் துலக்கிக்கொண்டே நீ அவற்றைப் பார்ப்பாய். ஒருநாள் கை கழுவ வந்த என்னிடம், "அசையாதக்கா, உன் தோள்ல ஒண்ணு குந்திகினு கீது" என்றாய். நாம் பேசத் தொடங்கியது அப்படித்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போனோம். உன் வீட்டுக்காரர், "பூச்சி புடிக்கப் போறாங்கோ" என்று தெருவுக்கே சொல்வார். நாம் ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை. நீ பார்த்துச் சொல்வாய், நான் வரைவேன். கண் என்ன நிறம், இறக்கையின் அடியில் கறை உண்டா, உட்காரும்போது வாலைத் தூக்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். நூலகத்தில் எடுத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு நோட்டில் பெயர் எழுதுவேன். பாதிக்குமேல் அதில் இருக்காது. நாமே பெயர் வைப்போம்.

அந்த நோட்டால்தான் சண்டை வந்தது. ரத்தச் சிவப்பில் ஒரு தட்டான், முதுகில் கருங்கோடு ஓடும் மஞ்சளில் ஒரு தட்டான். இரண்டு பக்கங்களில் இரண்டு பெயர் எழுதியிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் புரட்டிய நீ, "இன்னாக்கா தனித்தனியா எழுதிக்கீற? ரெண்டும் ஒரே ஊட்டுது. செவப்பு ஆம்பள, மஞ்சா பொம்பள" என்றாய்.

நான் சிரித்தேன். "புத்தகம் படிச்சு எழுதுறது நானா, நீயா?" என்றேன். பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது. நீ நோட்டை மூடி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாய்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கேன்டீனில் சாம்பார் ஊற்றுவாய், முகத்தைப் பார்க்கமாட்டாய். மூன்றாவது ஞாயிறு தனியாகப் போனேன். மதகோரம் அந்தச் சிவப்பு, வால் நுனியால் மஞ்சளின் பிடரியைப் பற்றியிருந்தது. மஞ்சள் கீழிருந்து வளைந்து வந்து அதோடு சேர, இரண்டும் ஒரு வளையமாயின. சற்று நேரத்தில் மஞ்சள் தனியே பிரிந்து, வாலை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டது. சிவப்பு அதன் தலைக்கு மேலேயே காவலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க, அன்று சிரித்ததை எண்ணி எனக்கு வெட்கமாக இருந்தது.

நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய்.

"நீ சொன்னதுதான் சரி. நாலு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாய். பிறகு, "எந்தப் பக்கம் பாத்தே?" என்றாய்.

"மதகுகிட்ட."

"இரு, சீலைய மாத்திகினு வரேன்."

மறுநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தாய்.

அடுத்த வருஷ மழைக்குப் பிறகு ஒரு மஞ்சள் தட்டான் அங்கங்கே சிவந்துகொண்டு வருவதைக் கண்டோம். வயதுக்கு வராத ஆணும் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. நீ வெகுநேரம் அதைப் பார்த்தாய். "நானும் பாதிதான் சரியா சொல்லிக்கீறேன்க்கா. மஞ்சாவெல்லாம் பொம்பளன்னு நெனச்சிகினு இருந்தேன்." உன்னை யாரும் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. அதன்பின் பல மாதம் நான் ஏரிப்பக்கமே போகவில்லை.

போன வாரம் மருமகளோடு குத்தம்பாக்கத்தில் ஒரு வயல் குட்டையோரம் நின்றேன். ஊசித்தட்டான் என்றால் உட்காரும்போது இறக்கையை மடக்கிக்கொள்ளும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "அத்தை, இந்த ஊசித்தட்டான் விரிச்சிக்கிட்டுல்ல உக்காந்திருக்கு" என்றாள். இருக்காதே என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கிக் குனிந்து பார்த்தேன்.

அவள் சொன்னது சரிதான்.