விபூதிப் புதன்

லகாட்
5.3.1981

மகளே,

கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயரை எழுதக் கை வரவில்லை. மகளே என்றே எழுதுகிறேன்.

ஆறு வருசத்துக்கு முன் நீ சொன்னாய்: "குகைக் கோயில்ல நீங்க கண்ண மூடி உட்கார்றதும், அங்க அவங்க பேசாம ஜெபத்துல உட்கார்றதும் ஒண்ணுதான்பா."

"ஒண்ணுன்னா அப்புறம் எதுக்குப் போற லா?" என்று கத்தினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நேற்று பஸ்ஸிலும் அதே கேள்வியைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். பனி மலைகளைப் பாதி மூடியிருந்தது. மேகத்துக்குள் போகிற மாதிரி இருந்தது. மடத்து வாசலில், உனக்குச் சங்கடம் வேண்டாமே என்று நெற்றி விபூதியைத் துண்டால் துடைத்தேன். விவரம் தெரிந்து வெறும் நெற்றியோடு நான் வெளியில் நின்றதில்லை.

கம்பித் தடுப்புக்குப் பின்னால் நீ வந்தாய். உன் நெற்றியில் சாம்பல்.

இன்று விபூதிப் புதன், எல்லாரும் நெற்றியில் சாம்பல் பூசும் நாள் என்று கூட வந்த சிஸ்டர் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்?

கேள்வி எங்கோ போய்விட்டது. அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடினேன். நம் குகையில் சொட்டும் தண்ணீர் அங்கேயும் சொட்டியது. உனக்கும் கேட்டதா?

மணி அடித்ததும் நீ உன் நெற்றியைத் தொட்டு, கம்பி இடுக்கில் விரலை நீட்டி என் நெற்றியில் பூசினாய். சிஸ்டர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

இன்று காலை கழுத்துவரைதான் குளித்தேன்.

உன் அப்பா